பதறாத நாடியும் கரமனை உருளியும்

திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டபோது என் மனைவி, "அயல் தேசத்துக்குப் போறேள், பத்திரம்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அப்போது அது தனி சமஸ்தானம். எல்லையில் சுங்கச் சாவடி, வேறு நாணயம், வேறு தபால், வேறு ராஜா. சென்னையில் ஒரு பிரின்சிபாலுக்குப் பயந்தால் போதும். அங்கே மகாராஜாவுக்கும் பத்மநாபசுவாமிக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும். எனக்கு அது பெரிய பாரமில்லை. பயப்படுவதில் நல்ல தேர்ச்சி உள்ளவன் நான்.

இந்தத் தேர்ச்சியை உலகத்துக்குத் தெரியாமல் மறைத்ததற்குத்தான் எனக்கு மெடல் கொடுப்பதாக இருந்தார்கள்.

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியல் பிரிவில் நான் டிமான்ஸ்ட்ரேட்டர். தவளையின் நெஞ்சைத் திறந்து, அது துடிப்பதை மாணவர்களுக்குக் காட்டுவது என் உத்தியோகம். தலைமயிர் நரைத்தது, உத்தியோகம் மட்டும் மாறவில்லை. சும்மா இருக்காமல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினேன். வக்கீல்கள், பள்ளி வாத்தியார்கள், கதாகாலட்சேபம் செய்பவர்கள் இவர்களுடைய மணிக்கட்டையெல்லாம் பிடித்துப் பார்த்து, பல வருஷம் பேசிப் பழகியவனுக்கு மேடையில் நாடி வேகம் கூடுவதில்லை என்று முடிவு கட்டினேன். 'பழகிய நாக்குக்கு நாடி பதறாது' என்பது கட்டுரையின் சாரம். பரிசோதிக்கப்பட்ட பழகிய பேச்சாளர்களில் கட்டுரையாளரும் ஒருவர் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தப் பயணக் கட்டுரையே இல்லை.

எங்கள் உடலியலார் சபை அதற்கு அந்த வருஷத்து மெடலை அறிவித்தது. மெடல் வாங்குகிறவர் திருவனந்தபுரத்தில் வந்து பரிசுச் சொற்பொழிவு செய்ய வேண்டும். "மெடலோடு வாரும், அசிஸ்டெண்ட் புரொபசர் ஆக்கிவிடலாம்" என்றார் பிரின்சிபால். மெடலில்லாமல் வந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. தவளைகள் காத்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரசங்கம். வெள்ளிக்கிழமையே இறங்கினேன். ஸ்டேஷனில் சபையின் செயலாளர் புரொபசர் மாதவன் பிள்ளை குடையோடு நின்றார். இடவப்பாதி மழை, நம் வைகாசி நடுவில் பிடிக்கிற தென்மேற்குப் பருவமழை. சென்னையில் மழை என்பது சமாசாரம். அங்கே அது தரை, சுவர் மாதிரி எப்போதும் இருப்பது. இருவரும் கரமனைக்கு பஸ் ஏறினோம்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முதல் மேட்டிலேயே கண்டக்டர் இறங்கச் சொன்னார்.

"மேடு உங்களுக்கு, இறக்கம் எங்களுக்கு" என்றார் மலையாளத்தில், தகராறே இல்லாமல்.

தள்ளினோம். மாதவன் பிள்ளை செயலாளர் கௌரவத்தை விடாமல் இரண்டு விரலால் தள்ளினார். தள்ளிக்கொண்டே, "சாரே, நாடி எடுக்கிற காரியம் ஞாபகமுண்டல்லோ?" என்றார்.

"யாருடைய நாடி?"

"பிரசங்கம் பண்ணுகிற ஆளோட நாடி. எல்லா வருஷமும் உள்ளதாக்கும். மணிக்கட்டிலே குமிழ் வைத்துக் கட்டுவோம். சார் பாட்டுக்குப் பேசலாம், அது பாட்டுக்கு எழுதும். சபை பார்த்துக்கொண்டிருக்கும்."

நான் பஸ்ஸைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான். உடலியல்காரன் வாய் வார்த்தையை நம்பமாட்டான். கோடு வரைந்து காட்டினால்தான் நம்புவான். அதற்கு ஒரு கருவி உண்டு: கடிகாரம் போலச் சாவி கொடுத்தால் மெல்லச் சுற்றும் ஓர் உருளை, அதன்மேல் விளக்குப் புகையில் கறுப்பாக்கிய காகிதம். மணிக்கட்டில் கட்டிய குமிழிலிருந்து ரப்பர் குழாய் போய் ஈர்க்குச்சி போன்ற ஒரு முள்ளை ஆட்டும். நாடி துடிக்கத் துடிக்க, முள் கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போடும். பரிசு பெற்றவரின் அந்தக் கோட்டை வார்னிஷ் போட்டு, கண்ணாடி மாட்டி, சபை மண்டபத்தில் தொங்கவிடுவது சம்பிரதாயம். நான் சபைக்குப் புதியவன்; எனக்கு யாரும் சொல்லவில்லை.

"சாருக்கென்ன, நாடி பதறாதுன்னு சாரே எழுதியிருக்காரே" என்றார் மாதவன் பிள்ளை. "கோட்டயத்திலிருந்து டாக்டர் குருவிளா வருகிறார். பதறினால் ஆட்சேபம் எழுப்புவேன்னு சொல்லியாச்சு. ஆட்சேபம் வந்தால் மெடலை சபை கைதூக்கித் தீர்மானிக்கும். பேடிக்க ஒண்ணுமில்லை."

பேடிக்க ஒண்ணுமில்லை என்று சொல்லி ஒருவரும் என்னை இதுவரை பயத்திலிருந்து காப்பாற்றியதில்லை.

கரமனை அக்ரஹாரத்தில் என் ஷட்டகர் அனந்து வீட்டில் தங்கினேன். என் மனைவியின் அக்கா கோமதியைக் கட்டியவர். ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்காரின் தலைமை அலுவலகத்தில், குமாஸ்தா. எந்தச் சிக்கலையும் மேஜைக்கு மேஜை நகர்த்தியே தீர்த்துவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். அக்கா இலை போட்டாள். பர்மா அரிசி நின்றுபோன காலம். ஊரே மரச்சீனியை, நம் மரவள்ளிக் கிழங்கைத் தின்றது. இலையில் மரச்சீனி உப்புமா, மரச்சீனி அடை, தொட்டுக்கொள்ள மரச்சீனிப் புளிக்குத்தி.

"மடியா இருக்கிறவா இதெல்லாம் தொடவே மாட்டா, கேட்டேளா" என்றாள் அக்கா. "இப்போ என்னடான்னா, யாராத்துல எப்படி வேகவெச்சான்னு கேட்டுண்டு வரா. பாயசம்னு ஒண்ணு இருந்ததே, அது எந்த நெறம்னே குழந்தேளுக்குத் தெரியல்லை. நீங்க என்ன வைத்தி, சாப்பிடாம மணிக்கட்டைப் பிடிச்சுண்டு உக்காந்திருக்கேள்?"

"எண்ணிண்டு இருக்கேன் அக்கா."

"எண்ணாதேங்கோ. எண்ணினா எதுவும் கூடத்தான் செய்யும்."

உடலியலில் அதைவிடச் சரியான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

மறுநாள் சபை மண்டபத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். முன்னோர்களின் கோடுகள் வரிசையாகத் தொங்கின. ஜீரணத்தைப் பற்றிப் பேசியவரின் கோட்டில் நடுவே ஒரு சின்ன மேடு. என்னவென்று கேட்டேன், காப்பி வந்த இடம் என்றார் மாதவன் பிள்ளை. தூக்கத்தைப் பற்றிப் பேசியவரின் கோடு போகப்போகத் தாழ்ந்து, கடைசியில் படுத்தேவிட்டது. சபையோரின் கோட்டை எடுத்திருந்தால் இன்னும் தாழ்ந்திருக்கும் என்றார். வரிசையின் முடிவில் ஒரு வெறும் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அது எனக்கு.

அங்கிருந்து கிழக்கேகோட்டைக்குப் போய்ப் பத்மநாபசுவாமியிடம் முறையிடலாம் என்று பார்த்தால், உள்ளே போகச் சட்டையைக் கழற்ற வேண்டும். நடுங்கும் உடலியல்காரனுக்கு இதைவிட ஆபத்தான வழக்கம் கிடையாது. சென்னையில் என் பயம் சட்டைக்குள்ளேயே இருக்கும். இங்கே விலா எலும்புக்குள் அது குதிப்பது ஊருக்கே தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் சந்நிதியை விட்டுவிட்டு என் மார்பையே பார்த்தார்.

"சாருக்கு இது பிறவியிலேயே உள்ளதா?" என்றார்.

"இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோட சரியாயிடும்."

"மரணமா, விவாகமா?"

"பிரசங்கம்."

அவர் எனக்காக ஒரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பகவான் பாம்பின்மேல் சாவகாசமாகப் படுத்திருந்தார். அந்த நாடியில் பாதி கொடு என்று கேட்டேன். அவர் பாம்பின்மேலேயே படுத்துப் பழகியவர். எனக்குக் குருவிளாவையே பழக்கமில்லை.

ஞாயிறு காலையில் அனந்து என்னைக் கரமனை ஆற்றுக்குக் குளிக்க அழைத்துப் போனார். இடுப்பளவு ஜலம், மழைத் தண்ணீர், பல் கிட்டிக்கும் குளிர். பேசிப் பழகலாமே என்று அங்கேயே நின்று பிரசங்கத்தை ஆரம்பித்தேன். குளித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மூக்கைப் பிடித்தபடியே, "இது எந்த தேவதைக்குள்ள மந்திரம்?" என்று கேட்டார். இன்னொருவர், "தமிழ்ப் பக்கத்து மந்திரம், பலன் கொஞ்சம் மெதுவாத்தான் கிடைக்கும்" என்றார்.

நான் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி கோயில் யானை மாதிரி நடந்தது.

"அனந்து, இந்த ஆத்தை மண்டபத்துக்குக் கொண்டு வர முடியுமா?"

"முழு ஆறும் வேணுமா, கால் நனையற அளவு போருமா?" என்றார் அனந்து. கச்சேரி மனுஷர், எதையும் முடியாது என்று சொல்லமாட்டார்.

பிரசங்க மேஜைக்குத் தரைவரை தொங்கும் பச்சை விரிப்பு உண்டு. அதன் பின்னால் குளிர்ந்த ஜலத்தில் கால்களை வைத்து நின்றுவிட்டால், முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியப்போவதில்லை. வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தோம். வாளியில் ஒரு காலுக்குத்தான் இடம். மற்றக் காலை எங்கே வைத்துக்கொண்டு விஞ்ஞானம் பேசுவது? அண்டாவுக்குள் இறங்கினால் விளிம்புக்கு மேலே தலைதான் தெரிந்தது. அகலமாக, உயரமில்லாமல், அசையாமல் நிற்பது ஒன்றுதான். உருளி. பிரதமன் என்கிற வெல்லப் பாயசம் கிண்டுகிற வெண்கல உருளி.

பெரிய உருளி அக்ரஹாரத்துக்குப் பொதுவான சமூக மடத்தில் இருந்தது. அனந்து போய்க் கேட்டார். பாத்திரங்களுக்குப் பொறுப்பான ராமசுப்பையர் வழக்கம்போல, "எத்தனை பேருக்கு?" என்றாராம்.

"ஒருத்தருக்குத்தான்" என்றார் அனந்து. அவர் பொய் சொல்லமாட்டார்.

இருநூறு பேருக்குக் கிண்டுகிற உருளியை ஒருத்தருக்கு என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? வெளியே தெரியவேண்டாம் என்று அர்த்தம். ராமசுப்பையர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். அனந்து அதை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி, கவிழ்த்துக்கூட வைக்காமல், மூன்று தெரு வழியாக மண்டபத்துக்குக் கொண்டு போனார். சென்னைக்காரனாகிய எனக்கு அது ஒரு பாத்திரம். திருவனந்தபுரத்தில், மடத்து உருளி எங்கே போகிறதோ அங்கே சத்யை, இலை போட்டு விருந்து. அந்தப் பஞ்சத்தில், வாய்கூடத் திறக்காமல் ஊருக்கே அழைப்பு வைத்துவிட்டு வந்தார் என் ஷட்டகர்.

எங்களுக்கு முதலில் சொன்னது அக்காதான். "என்ன வைத்தி, பிரதமனாமே இன்னிக்கு? அடுத்தாத்து மாமி வந்து கேக்கறா, அடையா பலாச்சக்கையான்னு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அதற்குள் நேரமாகிவிட்டது. நான் போனபோது மண்டபம் நிரம்பி, வாசல்படி நிரம்பி, ஜன்னல்களில் தலை தலையாக இருந்தது. குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், கோயில் காரியஸ்தர்கள், குழந்தைகளோடு சில தாய்மார்கள். பலருடைய மேல்வேஷ்டிக்குள் தூக்குப்பாத்திரம் புடைத்துக்கொண்டிருந்தது. சபை அங்கத்தினர்களில் பாதிப் பேர் ராணுவ டாக்டர்களாகப் போய்விட்டபடியால், மிச்சமிருந்த எட்டுப் பத்துப் பேர் ஒரு மூலையில் இடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாதவன் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரே, உடலியலுக்கு இவ்வளவு ஆதரவு நான் கண்டதில்லை."

மேஜையின் பின்னால், ஆற்று ஜலத்தோடு உருளி தயாராக இருந்தது. செருப்பைக் கழற்றி உள்ளே நின்றேன். நான் குள்ளமாகையால் ஏதோ பலகைமேல் நிற்கிறேன் என்று மாதவன் பிள்ளை நினைத்துக்கொண்டார். மணிக்கட்டில் குமிழைக் கட்டினார், சாவி கொடுத்தார், உருளை சுற்ற ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் கிடைக்காததால் தேங்காயெண்ணெய் விளக்கில் புகையேற்றிய காகிதம். மண்டபம் முழுவதும் அப்பளம் பொரித்த வாசனை. ஜனங்கள் அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள்.

பேசினேன். அவ்வளவு பொறுமையான சபையை யாரும் பார்த்திருக்க முடியாது. இருதயத்தின் இடது அறை என்றேன், தலையசைத்தார்கள். வலது அறை என்றேன், அதற்கும் அசைத்தார்கள். முள் சமர்த்தாக ஒரே உயரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. மூலையில் ஆறடி உயரத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் குருவிளா கோட்டையே பார்த்தார். அவருடைய மீசை ஏமாற்றத்தில் தொங்கியது. அசிஸ்டெண்ட் புரொபசர் நாற்காலி என் பின்னால் வந்து இடிப்பதுபோல் இருந்தது.

முதல் வரிசையில் தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனம், மடியில் தூக்கு. நேரமாக ஆக, அவருக்கு ஒரு சந்தேகம் தீரவேண்டியிருந்தது: பால் பாயசமா, அடைப் பிரதமனா? மெதுவாக முன்னால் சாய்ந்து, பச்சை விரிப்பின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, சத்தம் போடாமல், "உள்ளே ரெண்டு காலாக்கும்" என்றார்.

"யாரோடது?"

"இவரோடதுதான். மேலே போய்ச் சேர்றதே."

செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போவது, வயலில் காற்று போவதுபோல் எனக்குத் தெரிந்தது. ராமசுப்பையர் எழுந்து நின்றார். "நம்ம மடத்து உருளியா அது?" என்றார் சாந்தமாக. அந்தச் சாந்தத்தில் முள் துள்ளிற்று. ஒரு சுற்றில் அது எழுதியதைப் பார்த்தவர்கள் பொதிகை மலை என்றே நினைப்பார்கள்.

குருவிளா எழுந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குப் பேச்சு வரவில்லை. "செக்ரட்டரி, ஆட்சேபம்" என்றார் மலையாளத்தில். "குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் தவளைக்குக்கூட நாடி அடங்கும். மனுஷன் வெளியே வரட்டும். குழாயைக் கழற்றாமல், தரையில் நின்று, மிச்சத்தைப் பேசட்டும்."

நியாயம்தானே. உருளியை விட்டு இறங்கி, ஈரக்காலோடு மேஜைக்கு முன்னால் வந்து நின்றேன். எதிரே பசித்த ஊர். அதன் பிரதமன் பாத்திரத்தில் கால் கழுவிய ஆள் நான். பேச வாயெடுத்தேன், முள் காகிதத்தின் மேல் விளிம்பைத் தாண்டிக் காற்றில் எழுதியது.

பேசுவதற்கென்று எழுதிக்கொண்டு வந்த முடிவுரை மறந்துவிட்டது. ஆகவே உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "என் கட்டுரை தப்பு" என்றேன். "நான் அளந்த வாத்தியார்கள் எல்லாம் பையன்களுக்கு முன்னால் பேசினார்கள். பையன்கள் எழுந்து போக முடியாது. வக்கீல்கள் தங்களிடம் மாட்டிக்கொண்ட கட்சிக்காரர்களுக்கு நடுவில் பேசினார்கள். என்னை நான் அளந்தது என் வகுப்பில்; அங்கே பாஸ் போடுவதும் பெயில் போடுவதும் நான். நாடி பதறாததற்குக் காரணம் பழக்கமில்லை. பயப்பட வேண்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு இடம் மாறியிருக்கிறது. கோட்டைப் பாருங்கள்."

மாதவன் பிள்ளை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மெடல் கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம்" என்றார். 'கூடியிருப்போர் கைதூக்கித் தீர்மானிக்க' என்றுதான் சபையின் விதி. அங்கத்தினர் தவிர வேறு யாராவது உடலியல் கேட்க வருவார்கள் என்று விதி எழுதியவர் எதிர்பார்த்திருக்க முடியாது.

மண்டபம் முழுவதும் கை தூக்கியது. ஜன்னலில் இருந்தவர்கள்கூடக் கம்பிக்குள் கையை நுழைத்துத் தூக்கினார்கள். எனக்குப் புரியவில்லை. முதல் வரிசைக் கிழவர் பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொன்னார்: "கால் வெச்ச உருளி வேற, பாயசம் வெச்ச உருளி வேற. அது உள்ளே இருக்கும். இது முடிஞ்சாத்தான் இலை போடுவா. நன்னாத் தூக்கும்."

சும்மா இருந்தால் போதும். மெடல் என்னுடையது, நாற்காலி என்னுடையது. ஆனால் தூக்கின கைகளில் சிலவற்றில் தூக்குப்பாத்திரம் இருந்தது. ஒரு தாய் தன் குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தாள். உருளையில் முள் பேயாட்டம் ஆடியது.

"பாயசம் இல்லை" என்றேன். "எந்த உருளியிலும் இல்லை. அந்த ஒரு உருளிதான் வந்தது, அதிலேயும் நான்தான் இருந்தேன். மன்னிக்கணும்."

கைகள் இறங்கின. கோபமாக அல்ல, கனமான ஒன்றைக் கீழே வைப்பதுபோல. கிழவர் தூக்கின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தார். "இதை முன்னாடியே பறஞ்சிருந்தா, பிரசங்கத்தையாவது கேட்டிருப்போம்" என்றார். குடைகளைத் தேடிக்கொண்டு ஊர் வெளியேறியது. ராமசுப்பையர் உருளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் இனிமேல் அது மாட்டுக்குத் தண்ணீர் வைக்கத்தான் லாயக்கு என்று அனந்துவிடம் தீர்ப்புச் சொன்னார். "ஒருத்தருக்குத்தான்னு அப்பவே சொன்னேனே, மாமா" என்றார் அனந்து.

"எதிர்ப்பவர்கள்?" என்றார் மாதவன் பிள்ளை, காலி நாற்காலிகளைப் பார்த்து. யாரும் இல்லை. எதிர்க்கவும் அவர்களைப் பசி விடவில்லை.

மூலையில் இன்னும் நாலைந்து கைகள் தூக்கியபடியே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பெரிய கை குருவிளாவுடையது.

"டாக்டரே, ஆட்சேபம் சொன்னது நீங்களல்லவா?"

"கட்டுரை தப்பு என்று ஆட்சேபித்தேன்" என்றார் குருவிளா. "தப்பு என்று அவரே நின்று காட்டிவிட்டார். சுவரிலே இருக்கிற ஒருத்தராவது அதைச் செய்ததுண்டா? கொடும், மெடலை."

கொடுத்தார்கள். வெள்ளி மெடல், என் சட்டையில், குருவிளாவே குத்தினார்; சர்ஜன் ஆனதால் தோலிலும் கொஞ்சம் குத்தினார். அப்போது தற்செயலாக மற்றக் கையால் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாடி நிதானமாக, அழகாக, ஒரு துடிப்புக்கூடப் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. பார்த்தீர்களா என்று திரும்பினேன். சாவி தீர்ந்து உருளை எப்போதோ நின்றுபோயிருந்தது. அந்த நாடிக்கு என் வாய் வார்த்தைதான் சாட்சி. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் உடலியல்காரர்கள்.